புதுவையும் தேன்மெழுகும்

புதுச்சேரிப் பட்டணத்தின் பூர்வ விருத்தாந்தத்தைச் சொல்லப் புகுகிறவர்கள், பிரான்சுவா மார்த்தேன் இந்தக் கடற்கரையில் காலூன்றிய 1674ஆம் ஆண்டில் தொடங்கி, தூப்ளெக்ஸின் படாடோபத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் விஸ்தாரமாகப் பேசி, 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கிய துயரத்தில் வந்து நிற்பது வழக்கம். துணி வியாபாரமும் அவுரிச் சாயமும் அந்தக் கதையில் தவறாமல் இடம்பெறும். துணிக்கும் அவுரிக்கும் நடுவே நின்று வேலை செய்த தேன்மெழுகைப் பற்றி மட்டும் யாரும் பிரஸ்தாபிப்பதில்லை. இன்று புதுவை அங்காடிகளில் அழகிய காகிதம் சுற்றி வைத்திருக்கும் கைவேலை மெழுகுவர்த்திகளைப் பார்க்கிற யாத்திரிகர்கள், இது பிரெஞ்சுக்காரர் விட்டுப் போன கலை என்று எண்ணிக்கொண்டே வாங்கிப் போகிறார்கள். அந்த எண்ணம் பாதிதான் சரி. வர்த்தியாக வார்த்து ஏற்றும் வழக்கம் அவர்களோடு வந்ததுதான். மெழுகோ இந்த நாட்டுச் சரக்கு. அது இவ்வூரில் விளக்காவதற்கு முன்னால் வெகுகாலம் சாயக்காரர் வீட்டு அடுப்பில் உருகிக்கொண்டிருந்தது.

அதற்குச் சாட்சி சொல்ல ஒரு கப்பல் அதிகாரி இருக்கிறார். 1734ஆம் ஆண்டு வாக்கில் புதுச்சேரிக்கு வந்த பொலியே என்பவர், பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த துய் பே என்னும் ரசாயன பண்டிதரின் வேண்டுகோளுக்கு இணங்கி, இங்கே துணிக்குச் சித்திரம் தீட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து அந்தக் குறிப்போடு சேர்த்து அனுப்பினார். அந்தக் கையெழுத்துப் பிரதி துணித் துண்டுகளோடு இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. மின்சாரத்தில் இருவகை உண்டென்று முதலில் கண்டுசொன்ன துய் பேக்கு நம் ஊர்ச் சாயத்தில் என்ன அக்கறை என்று கேட்கத் தோன்றும். அவர் அரசாங்கச் சாயத் தொழிலுக்கு மேற்பார்வையாளரும்கூட. கிழக்கேயிருந்து வரும் சித்திரத் துணிகள் உள்நாட்டுத் தறிகளைப் படுக்கவைத்துவிடும் என்று பயந்த பிரெஞ்சு அரசாங்கம் 1686இல் அவற்றைத் தடை செய்திருந்தது. அந்தத் தடை 1759 வரையில் நீங்கவில்லை. தடை செய்த பண்டத்தின் ரகசியத்தையே ஆள் வைத்துக் கற்றுக்கொள்வது ராஜாங்கங்களுக்குப் புதிய காரியமன்று. பொலியேக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1742இல், இயேசு சபைக் குருவாகிய கேர்தூ சுவாமியார் அதே விஷயத்தை நீண்ட கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் எடுத்துக்காட்டிய அதே கேர்தூதான் இவர். 1779இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

அந்தச் சாயமுறையில் மெழுகுக்கு என்ன வேலை என்பதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் துணியை ஊறப்போட்டு, உலர்த்தி, அடித்து வழவழப்பாக்கிக் கரியால் கோலம் இறக்கி, கறுப்புக் கோட்டையும் சிவப்புக்குரிய படிகாரக் கோட்டையும் தீட்டி, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பை எடுத்த பிறகுதான் நீலத்தின் முறை வரும். அவுரி பிடிவாதமான சாயம். மற்றச் சாயங்களைப் போல எழுதுகோலில் தொட்டு வேண்டிய இடத்தில் மட்டும் தீட்ட அது இடங்கொடாது. துணி முழுவதையும் தொட்டியில் முக்கித்தான் ஆகவேண்டும். முக்கினால் பூவும் கொடியும் வெண்மையும் சிவப்பும் எல்லாம் ஒரே நீலமாகிவிடும். ஆகையால், நீலம் வேண்டாத இடங்கள் அத்தனையையும் உருக்கிய மெழுகால் மூடிவிடுவார்கள். இரும்பு எழுதுகோலின் நடுப்பாகத்தில் மயிரையோ நூலையோ உருண்டையாகச் சுற்றி, அதைச் சூடான மெழுகில் தோய்த்து எடுத்து, விரலால் மெல்ல அழுத்த அழுத்த மெழுகு கோலின் நுனிக்கு வழிந்து இறங்கும். அந்த நுனியால் இலையின் விளிம்பையும் மயிலின் கழுத்தையும் ஒட்டி எழுத வேண்டும். மெழுகு ஆறினால் கோடு உடையும். அதிகம் காய்ந்தால் துணியில் பரவிக் கோலத்தைக் கெடுக்கும். மெழுகு இட்ட துணியை வெயிலில் விரித்து, மெழுகு இளகி மறுபுறமும் ஊறும் அளவுக்கு வைத்திருந்து, அதற்குமேல் ஒரு கணமும் தாமதியாமல் எடுத்துவிட வேண்டும். நம் கடற்கரை வெயிலில் அந்தக் கணத்தைக் கண்டுகொள்வதற்கு ஆயுட்காலப் பயிற்சி வேண்டியிருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அப்புறம் துணி அவுரித் தொட்டிக்காரனிடம் போகும். நீலம் ஏறித் திரும்பியதும் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவார்கள். நீரைவிட இலேசான பொருளாதலால் மெழுகு மேலே மிதந்து வந்து, நீர் ஆறியபின் ஏடாகக் கட்டிக்கொள்ளும். அதை எடுத்து மறுபடியும் உருக்கலாம். சிவப்புப் பூவின் நடுவே மயிரிழைபோல் ஓடும் வெள்ளைக் கோடுகளும் மெழுகின் உபகாரத்தால் கிடைத்தவையே. ஐரோப்பியச் சீமாட்டிகள் எந்தத் துணிக்காகச் சட்டத்தை மீறினார்களோ, அந்தத் துணியின் வெண்மை முழுவதும் தேனீ கொடுத்த வெண்மை என்று சொன்னால் மிகையாகாது. இத்தனை உழைத்துவிட்டு, முடிந்த சரக்கில் தன் சுவடு தெரியாமல் விலகிவிடுகிற குணத்தால்தான் மெழுகைச் சரித்திரக்காரர்களும் மறந்தார்கள் போலும்.

இப்படி உழைத்து மறைவது தமிழ்நாட்டில் மெழுகுக்குப் பழகிப்போன காரியம். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி, அந்தக் கலவையில் மூர்த்தியை முதலில் உருவாக்கி, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்திச் சூடேற்றுகிறார்கள்; மெழுகு உருகி வெளியே ஓடிய வழியாக உலோகம் உள்ளே புகுந்து நிற்கிறது. புதுவை அருங்காட்சியகத்தில் நிற்கும் சோழர் காலத் திருமேனிகளும் ஒரு காலத்தில் மெழுகாக இருந்தவைதாம். சந்நிதியில் ஏற்றத் தகாத மெழுகு மூலமாகத்தான் சந்நிதியின் உற்சவ மூர்த்தியே பிறக்கிறார் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆகமத்திலும் ஆசாரத்திலும் தோய்ந்தவர்கள் விளக்குக்கு நெய்யையும் நல்லெண்ணெயையும் சொன்னார்களே ஒழிய, மெழுகை ஒருபோதும் சொல்லவில்லை.

அவ்வளவு மெழுகும் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மலையிலிருந்து. நம் நாட்டுத் தேனீக்களில் கொம்புத்தேன் ஈயும் கொசுத்தேன் ஈயும் கொடுக்கும் மெழுகு கைப்பிடி அளவு. பொந்துகளில் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேன் ஈயும் மெழுகுக்குப் பேர்போனதன்று. உயர்ந்த பாறை விளிம்புகளிலும் நெடுமரக் கிளைகளிலும் ஒற்றை அடையாக, சில வேளைகளில் மூன்றடிக்கும் அகலமாகக் கட்டித் தொங்கவிடும் மலைத்தேன் ஈதான் இந்திய மெழுகின் முக்கிய உற்பத்திக் கர்த்தா. ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் நீலகிரியிலும் தேனெடுக்கும் மலைவாசிகள், இரவில் கொடிக்கயிற்றைப் பிடித்து இறங்கிப் புகைபோட்டு ஈயை விலக்கி அடையை அறுப்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் காடுகளின் தேனும் மெழுகும் குத்தகைக்கு விடப்பட்டு, எடுத்தவனுக்குக் கூலியும் எடுப்பித்தவனுக்கு லாபமுமாகப் போயின என்பதையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

மெழுகு தேனீக்குச் சும்மா கிடைப்பதன்று. கூட்டுக்குள் வேலை செய்யும் இளம் ஈக்களின் அடிவயிற்றில் நான்கு ஜோடிச் சுரப்பிகள் உண்டு. அவற்றிலிருந்து மீன் செதிலைவிட மெல்லியதாக, வெள்ளை வெளேரென்று வெளிவரும் தகடுகளை ஈ தன் காலால் எடுத்து, வாயில் மென்று, அறைச்சுவராகக் கட்டுகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்க ஆறு முதல் எட்டுக் கிலோ வரையில் தேனை அவை உட்கொள்ள வேண்டியிருக்கிறது என்று தேனீ சாஸ்திரம் அறிந்தவர்கள் கணக்கிடுகிறார்கள். வெள்ளையாகப் பிறக்கும் மெழுகு, மகரந்தத்தின் சாயமும் மரப்பிசினின் சாயமும் ஏறி மஞ்சளாகிறது. குஞ்சு பொரித்த பழைய அடையில் கபில நிறமும் அடைகிறது. நறுமணமும் அந்தக் கலப்பிலிருந்து வருவதே.

இவ்வளவு மெழுகு கைவசம் இருந்தும் தமிழன் அதை ஏன் விளக்காக்கவில்லை? ஆசாரத்தை ஒருபுறம் வைத்தாலும் பதில் கிடைத்துவிடுகிறது: எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. எள்ளும் இலுப்பையும் ஆமணக்கும் தென்னையும் விளைகிற தேசத்தில், ஒரு அகலும் பஞ்சுத்திரியும் போதுமாயிருக்க, மலையிலிருந்து வரும் அபூர்வ சரக்கைக் கொளுத்துவதற்கு யாருக்கும் மனம் வராது. குளிர்தேசங்களிலோ எண்ணெய் அருமை. அதனால் ஏழைகள் மாட்டுக்கொழுப்பை உருக்கித் திரி செய்தார்கள். பிரபுக்களும் தேவாலயங்களும் தேன்மெழுகு ஏற்றினார்கள். பாரிஸில் கொழுப்புத்திரி செய்கிற சங்கமும் மெழுகுத்திரி செய்கிற சங்கமும் தனித்தனியே இருந்தன. ஒருவர் தொழிலில் மற்றவர் கைவைக்கக் கூடாது. அந்தக் கொழுப்புத்திரி கப்பலேறி இங்கே வந்திருந்தால் சித்திரை மாதத்தில் பெட்டிக்குள்ளேயே உருவழிந்து நாறியிருக்கும். மாட்டுக்கொழுப்பை எரிக்கும் வீட்டில் வேலைக்கு நிற்கவும் பலர் சம்மதித்திருக்க மாட்டார்கள். ஆகவே, இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியத் துரைமார்கள் வெகு சீக்கிரத்தில் நம் வழிக்கு வந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் நீரும் தேங்காயெண்ணெயும் ஊற்றித் திரி மிதக்கவிட்டுக் கொண்டார்கள். விருந்து நாட்களில் மேஜைமேல் மெழுகுத்திரி வைத்தபோது, தலைக்குமேல் ஆடும் பங்கா அதை அணைத்துவிடாமல் இருக்க நீண்ட கண்ணாடிக் குழாயால் மூட வேண்டியிருந்தது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் ஒரே அறையில் ஒத்துப்போகவில்லை.

மெழுகுத்திரியைப் புதுவையில் நிலைநிறுத்தியது மாதா கோயில்தான். பூசை நடக்கும் பீடத்தில் எரியும் திரி தேன்மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது ரோமாபுரிச் சபையின் பழைய கட்டளை. கன்னிமை கெடாத ஜந்து என்று முற்காலத்தவர் எண்ணிய தேனீயின் உழைப்பில் கன்னி மரியாளின் குமாரனுக்கு உவமை கண்டது அந்தச் சபை. ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவில் பெரிய திரியை ஏற்றும்போது பாடப்படும் புகழுரையிலும் தேனீக்களின் வேலை நினைவுகூரப்படுகிறது. ஆகவே கப்புச்சின் சுவாமியார்களும் இயேசு சபையாரும், 1776இல் பின்னவரின் இடத்துக்கு வந்த பாரிஸ் வேதபோதக சபையாரும், எண்ணெய் எவ்வளவு மலிவாயிருந்தாலும் பீடத்துக்கு மெழுகு தேடியே தீரவேண்டியிருந்தது. 1761இன் அழிவுக்குப் பிறகு மறுபடி எழுந்து 1791இல் கட்டிமுடிந்த சம்பா கோயிலும், 1855இல் கடலை நோக்கி எழுந்த தேவதூதர்களின் மாதா கோயிலும், 1907இல் அபிஷேகமான திரு இருதய ஆலயமும் அந்தக் கட்டளைக்கு உட்பட்டவையே. பிப்ரவரி 2ஆம் தேதி சுத்திகரத் திருநாளில் திரிகளை மந்திரித்து விசுவாசிகளுக்குக் கொடுப்பதும், அதை அவர்கள் வீட்டில் பத்திரப்படுத்தி, இடிமின்னல் காலத்திலும் மரணப் படுக்கையின் அருகிலும் ஏற்றுவதும் அந்தச் சம்பிரதாயத்தின் கிளைகள்.

பழைய காலத்துப் பீடத்திரியை அச்சில் வார்ப்பதில்லை. தேன்மெழுகு ஆறும்போது சுருங்கும். சுருங்கினாலும் உலோக அச்சை விட்டு எளிதில் வராது. ஆகையால் ஒரு வளையத்தைத் தொங்கவிட்டு, அதன் சுற்றில் திரிநூல்களைக் கட்டி, கீழே உருகிய மெழுகு நிறைந்த அகன்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு, கரண்டியால் மொண்டு ஒவ்வொரு நூலின் தலையிலும் ஊற்றிக்கொண்டே வளையத்தைச் சுற்றுவார்கள். மெழுகு நூலோடு வழிந்து, வழிந்த இடத்தில் ஒரு படலம் உறையும். சுற்று முடிந்து அதே நூல் திரும்பி வருவதற்குள் முதற்படலம் ஆறியிருக்கும். அதன்மேல் இன்னொரு படலம். போதிய பருமன் வந்ததும், இன்னும் இளஞ்சூடாக இருக்கையிலேயே, நனைத்த பலகையின்மேல் இட்டு, கைப்பிடி வைத்த மற்றொரு பலகையால் உருட்டி நேராக்குவார்கள். அறுத்துப் பார்த்தால் மரத்தின் வயதுவளையம்போல் படலங்கள் தெரியும். பீடத்துக்கு வேண்டிய வெண்மைக்காக, ஊற்றுவதற்கு முன்பே மெழுகை மெல்லிய நாடாக்களாக்கி வாரக்கணக்கில் வெயிலில் விரித்து நிறம் போக்குவதும் உண்டு.

கொழுப்புத்திரியை விட்டால் தேன்மெழுகுதான் என்ற நிலைமையை மாற்றியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். கொழுப்பின் தத்துவத்தை ஆராய்ந்த ஷெவ்ரோல், அதிலிருந்து கெட்டியான அமிலத்தைப் பிரிக்கலாம் என்று கண்டு, 1825இல் கே லுசாக்கோடு சேர்ந்து காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் ஸ்டியரின் வர்த்தி கடைக்கு வந்தது. அதே ஆண்டுகளில் காம்பசெரேஸ் என்பவர் நூலை முறுக்காமல் மூன்று புரியாகப் பின்னிவிட்டால், எரியும் நுனி வளைந்து ஜ்வாலையின் ஓரத்துக்குப் போய்த் தானே சாம்பலாகிவிடும் என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்னெல்லாம் கரித்த திரியைக் கத்திரியால் அடிக்கடி வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெட்டத் தவறினால் புகை. அப்புறம் மண்ணெண்ணெயோடு பிறந்த பாரபின் வந்தது. பர்மாவின் எண்ணெய் ஆலைகளிலிருந்தும், 1901இல் ஏற்பட்ட அஸ்ஸாம் திக்பாய் ஆலையிலிருந்தும் வெளிவந்த பாரபின் மெழுகு, தேன்மெழுகை விலையில் வீழ்த்தியது. ரோமாபுரியும் உலக நடப்பை உத்தேசித்து 1904இல் சற்று இறங்கி வந்து, பாஸ்கா திரியிலும் பூசைக்குரிய இரண்டு திரிகளிலும் பெரும்பகுதி தேன்மெழுகாக இருந்தால் போதும், மற்றவற்றில் கணிசமான அளவு இருந்தால் சரி என்று விதித்தது. எவ்வளவு இருந்தால் ‘கணிசம்’ என்பதை அந்தந்த மறைமாவட்டத்து ஆயர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டதில் உள்ள சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பாரபின் மெழுகு ஒரு உபகாரமும் செய்தது. பீடத்தில் குருவின் வசம் இருந்த திரியைச் சாதாரண ஜனங்களின் கைக்கு அது கொண்டுவந்தது. 1877இல் தோன்றிய வில்லியனூர் லூர்து மாதா கோயிலிலும் மற்றத் தலங்களிலும், நோய் தீர்ந்தால் ஆள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொள்ளும் வழக்கம் பரவியது. நேர்ந்துகொள்கிறவர்களில் இந்துக்கள் பலர். அகல்விளக்கை அம்மனுக்கு ஏற்றிய கையே வர்த்தியை மாதாவுக்கு ஏற்றுவதில் அவர்களுக்கு முரண்பாடு தோன்றவில்லை. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளையடித்துப் பூமாலை சாத்திய சமாதிகளின்மேல், வர்த்தியைச் சாய்த்துப் பிடித்து நாலு சொட்டு விட்டு, அது உறைவதற்குள் அடியை அதில் அழுத்தி நிறுத்துகிறார்கள். கடற்காற்று அணைத்துவிட்டால் பக்கத்துச் சமாதியின் நெருப்பிலிருந்தே மறுபடி ஏற்றிக்கொள்கிறார்கள், அந்தச் சமாதி யாருடையது என்று கேளாமலே. ஜூலை 13ஆம் தேதி இரவில், பிரெஞ்சுத் தேசியத் திருநாளின் முந்திய மாலையில், சொல்தாக்கள் என்று ஊரார் அழைக்கும் பழைய பிரெஞ்சுச் சிப்பாய்களின் குடும்பத்தார் விளக்குக்கூண்டு ஏந்தி ஊர்வலம் வருவதும் இந்த வரிசையில் சேர்ந்ததே. 1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. இந்த ஊர்வலம் அகலவில்லை.

தேன்மெழுகோ இதற்குள் பின்வாசல் வழியாகப் போய்விட்டது. அதற்குக் காரணம் பாரபின் மட்டுமன்று. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கண்ட அசையும் சட்டப் பெட்டியும், 1865இல் ஹ்ருஷ்கா கண்ட தேன் சுழற்றும் இயந்திரமும், அடையை உடைக்காமலே தேனை எடுக்க வழிசெய்தன. நம் நாட்டு ஈக்குத் தக்கபடி அந்தப் பெட்டியைச் சிறிதாக்கியவர் திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் சுவாமியார். 1911 தொடங்கிச் சில ஆண்டுகள் அவர் கிராமவாசிகளுக்குப் பயிற்சி அளித்தார். பின்பு 1924 முதல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் அந்தத் தொழிலை வீடுதோறும் கொண்டுபோனார். தேன் பெருகியது; அடை ஈயிடமே திரும்பிப் போய்விட்டதால் மெழுகு சுருங்கியது. ஈக்கு இது தர்மம். மெழுகு வாங்குகிறவனுக்கு விலையேற்றம்.

மெழுகுவர்த்தியைக் கையால் செய்வது ஒரு ரசனையான காரியம் என்ற எண்ணம் புதுவைக்கு வந்தது, 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் ஏற்பட்ட பிறகுதான். கையால் செய்த காகிதமும் ஊதுவத்தியும் ஏற்கனவே அரவிந்தர் ஆசிரமத்தைச் சுற்றி வளர்ந்திருந்த ஊரில், 1976 முதல் நடந்துவரும் மரோமா போன்ற ஆரோவில் தொழிலகங்கள் ஊதுவத்தியோடு மெழுகுவர்த்தியும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கின. ஐரோப்பியன் கொண்டுவந்த வர்த்தி, தமிழ்ப் பெண்களின் கைப்பட்டு ஐரோப்பாவுக்கே திரும்பிப் போயிற்று. இவ்வகை வர்த்திகளில் பெரும்பான்மை பாரபினும் தாவர மெழுகுமே. தேன்மெழுகை நாடுகிறவர்களுக்கு இன்று தென்னாட்டில் பக்கத்துணையாக இருப்பது, 1993இல் ஏற்பட்ட கோத்தகிரி கீஸ்டோன் நிறுவனத்தைப் போல மலைவாசிகளிடம் நேரே தேனும் மெழுகும் கொள்முதல் செய்கிற ஸ்தாபனங்கள்தாம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு முறை கடினமன்று. அவசரம் மட்டும் ஆகாது. தேன் பிழிந்த அடையை நீரில் அலசி இனிப்பைப் போக்கி, மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, மழைநீரில் இட்டுக் கொதிக்காமல் காய்ச்ச வேண்டும். உப்புக்கரித்த கிணற்று நீர், புதுவையில் பல தெருக்களில் கிடைப்பது, மெழுகைப் பாலாகத் திரித்துவிடும். மூட்டையைக் கரண்டியால் அழுத்த அழுத்த மஞ்சள் நெய் மேலே வரும். மூடி வைத்து இரவெல்லாம் ஆறவிட்டால் காலையில் வட்டக் கட்டியாக எடுக்கலாம். அதன் அடிப்புறத்தில் சேறுபோல் ஒட்டியிருக்கும் கசண்டைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மறுபடி உருக்கி வடிகட்ட வேண்டும். இரும்புச் சட்டி மெழுகைக் கறுக்கச் செய்யும்; தாமிரம் பச்சையாக்கும்; எவர்சில்வர் உத்தமம். அடுப்பில் நேரே வைக்காமல், நீர் காயும் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி வைப்பதே அபாயமற்ற வழி. மெழுகு 62 முதல் 64 பாகை வெப்பத்தில் உருகும். 70ஐத் தாண்டிச் சற்று நிற்கையில் திரியைத் தோய்க்கலாம். பின்னிய பருத்தித் திரியை முதலில் மெழுகில் ஊறவிட்டு, இழுத்து நேராக்கி உலர்த்தி, பிறகு முக்கி முக்கி எடுக்க வேண்டும். முக்கியதும் எடுத்துவிட வேண்டும். தயங்கினால் முன் ஏறிய படலமும் உருகிப்போகும். இருபது முப்பது தடவையில் விரற்பருமன் வரும். பாரபினுக்குப் போதுமான திரி தேன்மெழுகுக்குப் போதாது. உருகிய தேன்மெழுகு தடிப்பானதால் சற்றே பருத்த திரி வேண்டும். இல்லாவிட்டால் சுடர் குழியில் மூழ்கிச் செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தில்தான் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

செய்து வைத்த வர்த்தியின்மேல் சில மாதங்களில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெண்படலம் தோன்றும். பூஞ்சை என்று பயந்து தூக்கி எறிய வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்தால் போகும். மெழுகு சுத்தமானது என்பதற்கு அதுவே ஒரு நற்சாட்சி. அக்னி நட்சத்திர காலத்தில் மட்டும் நெட்டை வர்த்திகளை நிறுத்தி வைக்காமல் படுக்கவைப்பது நலம். உருகாவிட்டாலும் இளகித் தலை கவிழ்ந்துவிடும்.

இதன் சுடர் சாந்தமாகவும் பொன்னிறமாகவும் இருக்கும்; பருமனுக்கு ஏற்ற திரி போட்டால் புகை குறைவு; அணைத்தபின்னும் அறையில் தேன் வாசனை சிறிது நேரம் நிற்கும். இந்தக் குணங்கள் யாவும் உண்மை. இவற்றுக்காகவே அதை விரும்பலாம். ஆனால் இப்போது இதை விற்கிறவர்களில் சிலர், எரியும்போது ஏதோ மின்துகள்களை வெளியிட்டு வீட்டுக் காற்றைச் சுத்தி செய்கிறது என்றும், சுவாச நோயைத் தீர்க்கிறது என்றும் விளம்பரம் செய்கிறார்கள். அதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. எந்தச் சுடரும் பிராணவாயுவை உண்டுதான் வாழ்கிறது. நல்ல பண்டத்துக்குப் பொய்ப் புகழ் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாஸ்கா திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது இன்றும் கத்தோலிக்க சபையில் நடப்பிலுள்ள விதி. புதுவையில் ஆலயங்களுக்கும் குறைவில்லை, மெழுகு வேலை அறிந்த கைகளுக்கும் குறைவில்லை. ஜவ்வாது மலையும் நீலகிரியும் தூரதேசங்கள் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றும் அந்த ஒரு திரிக்காவது, மலையில் கயிறு பிடித்துத் தேனெடுக்கிறவர்களிடம் நியாய விலைக்கு நேரே மெழுகு வாங்கி, ஊரிலேயே ஊற்றி உருட்டிச் செய்துகொள்ள ஆலயத்தாரும் கைத்தொழில் நிலையத்தாரும் முன்வர வேண்டும். வீட்டுக்கு வாங்குகிறவர்களும் மேலே சுற்றிய காகிதத்தின் அழகைப் பார்ப்பதோடு நிற்காமல், உள்ளே இருப்பது எந்த மலையின் மெழுகு, அதில் பாரபின் எவ்வளவு என்று கடைக்காரரைக் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.